வேட்டைக்குப் போகும் ராணி

எறும்பு வளர்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம், இணைசேர்ந்த ராணியைச் சோதனைக் குழாயில் விட்டு, தண்ணீரும் பஞ்சும் வைத்து அடைத்து, இருட்டில் தொந்தரவு செய்யாமல் வைப்பது. பல இனங்களுக்கு இது சரி. உதிர்த்துவிட்ட சிறகுகளின் தசையையே கரைத்து ஊட்டமாக்கி, ராணி முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். ஆஸ்திரேலியாவின் புல்டாக் எறும்பின் ராணியை இப்படி அடைத்து வைத்தால் பட்டினிதான்.

மிர்மீசியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை இவை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்களில் ஒன்று மட்டும் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில். மற்ற எல்லாம் ஆஸ்திரேலியாவில். பெரிய இனங்களின் வேலைக்கார எறும்பு 3 சென்டிமீட்டரையும் தாண்டும். இவற்றின் ராணி மண்ணுக்குள் அறை தோண்டி முட்டையிட்ட பிறகும், அவ்வப்போது தானே வெளியே போய் இரை பிடித்து வரும். அதனால் குழாயோடு ஒரு சிறு வேட்டைப் பெட்டியையும் முதல் நாளிலேயே இணைத்துவிட வேண்டும்.

உணவு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நம் வீட்டு எறும்புகளில் பலவும் குடித்ததை வயிற்றில் சுமந்து வந்து, வாய்க்கு வாய் ஊட்டும். ஒன்றுக்குக் கிடைத்த சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரமே காலனி முழுக்கப் பரவிவிடும். புல்டாக் எறும்புகளிடம் இந்தப் பகிர்வு மிக அரிது. வளர்ந்த எறும்புக்கு முக்கிய உணவு பூந்தேன் போன்ற இனிப்பு நீர். பிடித்துவரும் ஈயும் சுவர்க்கோழியும் பெரும்பாலும் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளான புழுக்களுக்கு. இரையை அப்படியே புழுக்களின் பக்கத்தில் போட்டுவிடும், அவை தாங்களே கடித்துத் தின்னும். இது போக, பொரியாத முட்டைகளையும் வேலைக்கார எறும்புகள் இட்டு, ராணிக்கும் புழுக்களுக்கும் தின்னக் கொடுக்கும். ஆகவே பெட்டியில் தேன் கலந்த தண்ணீரும் பூச்சியும் இரண்டுமே இருக்க வேண்டும். பூச்சி இல்லாவிட்டால் பெரியவை நடமாடிக்கொண்டிருக்கும், புழுக்களோ வளராது.

இவை தனித்தனியாகத்தான் இரை தேடும். வரிசை கட்டிப் போவதில்லை. வழிகாட்ட வாசனைத் தடம் இல்லாத குறையைப் பெரிய கண்கள் ஈடுகட்டுகின்றன. கண்ணாடிக்கு வெளியே கை அசைந்தாலே திரும்பிப் பார்க்கும். பைரிஃபார்மிஸ் போன்ற இனங்கள் அந்தி மங்கும் நேரத்தில்தான் கிளம்பும், அப்போது இரை வைப்பதே நல்லது.

புற்றுக்குள் கொஞ்சம் மண்ணோ மெல்லிய மணலோ கட்டாயம் வேண்டும். புழு பட்டுக்கூடு பின்னும்போது நூலைப் பற்றவைக்க அந்தத் துகள்கள்தான் பிடிமானம். வழவழப்பான வெறும் தரையில் கூடு சரியாக அமையாது. அறையின் ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் காய்ந்தும் இருந்தால், எங்கே குஞ்சுகளை வைப்பது என்பதை எறும்புகளே முடிவு செய்துகொள்ளும்.

அப்புறம், கொடுக்கு. தேனீபோல ஒரே கொட்டோடு இழந்துவிடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். டாஸ்மேனியாவில் இதே பேரினத்தின் ஜாக் ஜம்பர் எறும்பு கொட்டி, ஒவ்வாமையால் உயிரிழந்தவர்கள் உண்டு. அதற்கெனத் தனி நச்சு ஒவ்வாமை சிகிச்சையே அங்கே நடக்கிறது. இறுக்கமான வலைமூடியும் நீண்ட இடுக்கியும் இல்லாமல் யாரும் இந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது. பூச்சிக்கடி ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.