ஜவ்வரிசி வேகமா, மாம்பழம் வேகமா?

சேலத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் தடை விழுவது மாம்பழத்துக்கு. மல்கோவாவைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். அதே வீட்டில் வயிறு சரியில்லை என்றால் ஜவ்வரிசிக் கஞ்சி, விரதம் என்றால் ஜவ்வரிசி உப்புமா என்று தாராளமாகப் பரிமாறுவார்கள். இனிக்கிறதா, விலக்கு, இனிக்கவில்லையா, சாப்பிடலாம் என்ற கணக்கு. எளிய கார்போஹைட்ரேட், சிக்கலான கார்போஹைட்ரேட் என்று பாடப்புத்தகம் சொல்லும் பாகுபாடும் இந்தக் கணக்குக்குத் துணைபோகிறது. பாகுபாடு சரிதான். ஆனால் அது மூலக்கூறின் நீளத்தைத்தான் சொல்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் வேறு கதை.

குளுக்கோஸ், ஃபுரக்டோஸ், காலக்டோஸ் ஆகிய மூன்றும் ஒற்றைச் சர்க்கரைகள். குடல் சுவர் இவற்றை மட்டுமே உள்ளே விடும். குளுக்கோஸும் ஃபுரக்டோஸும் இணைந்தால் கடையில் வாங்கும் சர்க்கரை. குளுக்கோஸும் காலக்டோஸும் இணைந்தால் பாலில் உள்ள லாக்டோஸ். எளிய வகை என்பது இப்படிப்பட்ட ஒற்றை, இரட்டைச் சர்க்கரைகள்தான். ஸ்டார்ச் என்பது நூற்றுக்கணக்கில் தொடங்கி லட்சக்கணக்கு வரை குளுக்கோஸ்கள் கோத்த சங்கிலி. அதில் நேராக நீளும் வகை அமைலோஸ், கிளை விட்டுப் படரும் வகை அமைலோபெக்டின்.

இனி ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைக்குள் போவோம். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, தோல் உரித்து, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலித்தால் வெள்ளைப் பால் இறங்கும். அது தொட்டியில் நின்று தெளியும்போது ஸ்டார்ச் அடியில் படியும். சல்லடையில் தங்கும் நார்ச் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது காய்ந்து மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். ஈர மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் காயவைப்பார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி இப்படித்தான் உருவாகிறது. காய்ந்த ஜவ்வரிசி 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் ஸ்டார்ச். நார்ச்சத்து ஒரு கிராமுக்குள், புரதம் இல்லையென்றே சொல்லலாம். செரிமானத்தைத் தாமதப்படுத்தக்கூடிய அத்தனையும் ஆலையிலேயே கழன்றுவிடுகிறது.

மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொள்ளும். பச்சை ஸ்டார்ச் இறுகிய நுண்மணிகளாக இருக்கும். செரிமான நொதி அதற்குள் நுழையத் திணறும். தண்ணீரோடு 60, 70 டிகிரி செல்சியஸைத் தொடும்போது மரவள்ளி ஸ்டார்ச்சின் மணிகள் நீரை உறிஞ்சி உப்பி உடைகின்றன. வெந்த ஜவ்வரிசி வெண்மை போய்த் தெளிவது இதனால்தான். உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள அமைலேஸ் நொதிக்கு இப்போது தடையே இல்லை. வெட்டிய துண்டுகளைக் குடல் சுவரின் நொதிகள் மேலும் நறுக்க, கிடைப்பது முழுக்க முழுக்கக் குளுக்கோஸ். இனிக்காத கஞ்சிக்குள் இவ்வளவு இருக்கிறது என்பதை நாக்கு நமக்குச் சொல்வதேயில்லை.

மாம்பழத்திலும் காயாக இருக்கும்போது ஸ்டார்ச் உண்டு. பழுக்கையில் அது சர்க்கரையாக மாறிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலை மாங்காய்த் துண்டில் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். நன்கு கனிந்த பழத்தில் அந்த நிறம் வராது. பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், சோதித்த துண்டைத் தின்னாமல் எறிந்துவிட வேண்டும். ஆக, பழம் எளிய சர்க்கரைதான். ஆனால் அதில் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபுரக்டோஸும் பாதிப்பாதியாகச் சேர்ந்தது. ஃபுரக்டோஸ் கல்லீரலுக்குப் போவதால் ரத்தக் குளுக்கோஸை நேரடியாக உயர்த்துவதில்லை. போதாக்குறைக்குப் பழத்தின் நாரும் வேகத்தைச் சற்றே மட்டுப்படுத்துகிறது.

இந்த வேகத்தை அளக்கும் கிளைசீமிக் குறியீட்டை 1981இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு வெளியிட்டது. 50 கிராம் கார்போஹைட்ரேட் தரும் அளவு உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். மாம்பழம் சுமார் 50, வெள்ளைச் சர்க்கரை சுமார் 65, வெந்த ஜவ்வரிசி 70க்கும் மேல். இதைப் படித்துவிட்டு மல்கோவாவை முழுதாக உரித்துச் சாப்பிடக் கிளம்பிவிட வேண்டாம். 200 கிராம் மாம்பழச் சதையில் சுமார் 30 கிராம் கார்போஹைட்ரேட் உண்டு. கைப்பிடி ஜவ்வரிசியிலும் அவ்வளவே. அளவை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் பார்ப்பதும் தவறான கணக்குதான்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் விளையும் சாமையும் கேழ்வரகும் இதே விதிக்குள் வருகின்றன. கேழ்வரகு தோலோடு அரைபடுவதால் 100 கிராமில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து தங்குகிறது. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஆனாலும் நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி, கெட்டியான களியைப்போல நிதானமாகச் செரிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தவிட்டை நீக்கி வெளுப்பாக்கிய சாமையைச் சிறுதானியம் என்ற பெயருக்காக மட்டும் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

திப்பிக்கு வருவோம். அதிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். கண்ணிகளை இணைக்கும் பிணைப்பு மட்டும் வேறு. அதை வெட்டும் நொதி மனிதரிடம் இல்லை. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளிடம் இருக்கிறது. நமக்கு வெறும் சக்கையாக இருப்பது மாட்டுக்கு உணவாவது இப்படித்தான்.

வேகம் தேவைப்படும் வேளையும் உண்டு. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், பொரித்த தட்டைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. அதிலுள்ள எண்ணெய் இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதமாக்கும். அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். மற்ற மருந்துகளோடு அகார்போஸ் அல்லது வோக்லிபோஸும் சாப்பிடுகிறவராக இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீரை நம்பக் கூடாது. குடல் சுவரில் சர்க்கரையை இரண்டாகப் பிளக்கும் நொதியையே அந்த மருந்துகள் தடுத்து வைத்திருக்கும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடியைத்தான் கொடுக்க வேண்டும்.