பழைய சுரங்கத்தை அடைப்பவர்கள் பாறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

காட்பாடி, குடியாத்தம் பக்கம் பல வீடுகளில் தாத்தாவோ பெரியப்பாவோ கோலார் தங்கவயலில் வேலை பார்த்திருப்பார்கள். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது, இறைப்பதை நிறுத்தியதும் உள்ளே தண்ணீர் ஏறியது. இதெல்லாம் தெரிந்தவர்களே என்னிடம், "பழைய சுரங்கப்பாதையை மூட நாலு லோடு கான்கிரீட் கொட்டினால் போதாதா சார்?" என்று கேட்கிறார்கள். போதாது. சிவில் முடித்துவிட்டு சுரங்க வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தண்ணீரின் கனத்தை முதலில் கணக்குப் போடுங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு சதுர மீட்டரில் 10 டன் அழுத்தும். 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள பாதையை பிளக் போட்டு, அதாவது கான்கிரீட் அடைப்பு வைத்து மூடிய பிறகு, பின்னால் தண்ணீர் 100 மீட்டர் ஏறிவிட்டால் பிளக்கைத் தள்ளுவது சுமார் 900 டன். நல்ல கான்கிரீட் இதைத் தாங்கிவிடும். கசிவு வருவது பெரும்பாலும் கான்கிரீட்டும் பாறையும் சேரும் இடத்தில், அப்புறம் அந்தக் காலத்தில் வெடி வைத்ததில் விரிந்துபோன பாறைக்குள். அதனால்தான் பிளக்கின் நீளத்தை முடிவு செய்யும்போது வலிமையோடு, தண்ணீர் எவ்வளவு தூரம் சுற்றி வர வேண்டியிருக்கும் என்பதையும் பார்க்கிறோம்.

கான்கிரீட் போடும் முன் தளர்ந்த பாறையைத் தட்டி எடுக்க வேண்டும், தரையில் கிடக்கும் சேற்றை வழித்து பாறை தெரியும்வரை கழுவ வேண்டும், பழைய தண்டவாளமும் குழாயும் பிளக்குக்குள் போகாதபடி வெட்டிவிட வேண்டும். கனமான கான்கிரீட் இறுகும்போது சூடாகும், ஆறும்போது சுருங்கும், உச்சியில் இடைவெளி விழும். முன்கூட்டியே குழாய் வைத்து, ஆறிய பிறகு அதன் வழியாக சிமென்ட் பால் செலுத்தி அந்த இடைவெளியை நிரப்புவதுதான் கிரவுட்டிங். பில் போட அவசரப்பட்டு இதைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கிரவுட்டிங் செய்யாத பிளக்கைப் போடவே வேண்டாம்.

பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உள்ள பாறையில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும், அங்கே சல்பேட்டைத் தாங்கும் சிமென்ட்தான் சரி. உள்ளே முழுக்க நீர் நிரம்பினால் காற்று போகாது, அமிலமும் குறையும். அடைப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை இது.

ஆனால் அடைத்த தண்ணீர் வேறு வழி தேடும். அமெரிக்காவின் கொலராடோவில் அமெரிக்கன் டன்னல் என்ற பழைய சுரங்கப்பாதையை 1996 முதல் பிளக் போட்டு அடைத்தார்கள். மலைக்குள் நீர்மட்டம் உயர்ந்தது, பக்கத்தில் இருந்த கோல்ட் கிங் சுரங்கத்தில் நீர் வரத்து கூடியது. 2015 ஆகஸ்ட் 5 அன்று அதன் சரிந்துபோன வாயில் வேலை நடந்தபோது உள்ளே தேங்கியிருந்தது உடைத்துக்கொண்டு கிளம்ப, ஒரு கோடி லிட்டருக்கும் மேல் ஆரஞ்சு நிறத் தண்ணீர் அனிமாஸ் ஆற்றில் கலந்தது. தோல் கழிவில் பாலாறு பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு அதன் வேதனை தெரியும்.

உள்ளே நுழையும் முன் வாயு மானியால் ஆக்சிஜன் பாருங்கள். 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காற்றோட்டம் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள். தூர் வார இறங்கிய கிணற்றிலேயே ஆட்கள் மயங்கி விழுந்து இறக்கிறார்கள், சுரங்கத்தில் கேட்க வேண்டுமா?

இன்னொன்று. பிளக்கில் வால்வும் அழுத்தம் காட்டும் கேஜும் இருக்கும். அதை யார் பார்ப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது, பத்து வருஷம் கழித்தும் அவருக்குச் சம்பளம் தரப்போவது யார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என வேலையில் சேரும்போதே கேளுங்கள்.