உடம்பு முடியாத மாணவர்களே, டி.சி. வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம்

மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். கல்லூரி வயதில் யாராவது வார்டில் சேர்ந்தால், என்ன படிக்கிறாய் என்று கேட்ட கையோடு வேலைக்கு எங்கே போய்க்கொண்டிருந்தாய் என்றும் கேட்டுவிடுவேன். அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் பாதிப் பேர் "வேலைக்கெல்லாம் போகலைங்க" என்பார்கள். அவர்கள் டீ வாங்கப் போனதும்தான் உண்மை வரும். முகூர்த்த நாளில் கேட்டரிங் சர்வீஸ், ராத்திரி பார்சல் டெலிவரி, தீபாவளி சீசனில் ஜவுளிக்கடை, பெண்பிள்ளைகள் என்றால் டியூஷன், பில்லிங் கவுன்ட்டர். அந்தக் காசில்தான் பஸ், மெஸ், தேர்வுக் கட்டணம், சில வீடுகளில் தங்கையின் பள்ளிச் செலவும்கூட ஓடிக்கொண்டிருக்கும்.

நோய் வந்ததும் முதலில் நிற்பது இந்தக் காசுதான், ஆனால் இது நின்றுபோனது யாருக்கும் தெரியாது. உதவித்தொகை விண்ணப்பம் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், பெற்றோரின் ஆண்டு வருமானம் கேட்பார்கள், தாசில்தார் சான்று கேட்பார்கள். மாணவன் சம்பாதித்தது எவ்வளவு, அது எப்போது நின்றது என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை. அதனால் நீங்களே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு மாதம் ஓட்டிப்பார்த்து, கடைசியில் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று டி.சி. வாங்கிவிடுகிறார்கள். எனக்குப் பெரிய வருத்தம் இதுதான்.

ஏன் வாங்கக் கூடாது என்கிறேன் என்றால், மாதாமாதம் வருகிற பணம் நீங்கள் மாணவராக இருக்கும் வரைதான் வரும். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கணக்குக்கு வருகிறது. படிப்பை விட்டால் அதுவும் போகும். கல்லூரி மூலமாக வருகிற மற்ற உதவித்தொகைக்கும் இதே கதைதான். வருகைப்பதிவு பயம்தான் டி.சி.யில் கொண்டுபோய் விடுகிறது, அதற்கு வழி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக விதியில், நோயால் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய் 65க்குக் குறையாமல் இருந்தால் மருத்துவச் சான்று கொடுத்துத் தேர்வு எழுதலாம், அதற்கும் முடியாது என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் படிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு தொடரலாம். மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனி விதி உண்டு, அலுவலகத்தில் கேளுங்கள்.

அந்த மருத்துவச் சான்று பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "சிகிச்சையில் இருக்கிறார்" என்று ஒற்றை வரியோடு நிறைய பேர் வாங்கிப்போகிறார்கள். அதை வைத்துக்கொண்டு கல்லூரியில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தேதியிலிருந்து சிகிச்சை, எத்தனை மாதம் உடலுழைப்பு வேலை கூடாது, வகுப்பில் உட்காரலாமா கூடாதா, வாரத்தில் எந்த நாள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று நாலும் எழுதித் தரச்சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள், கூட்டத்தில் அவர்களாக நினைவு வைத்து எழுத மாட்டார்கள்.

ஒரு பையன், பெயர் வேண்டாம். கேட்டரிங்கில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்தவன், இருமல் விடாமல் இருக்கப் பரிசோதனையில் டிபி என்று வந்தது. மருந்து இலவசம், குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும். டிபி நோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, முன்பு 500 ஆக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து உயர்த்தினார்கள். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும், டிபி நோயாளிகளுக்கான நிக்ஷய் என்ற அரசு இணையதளத்தில் அவர் உங்களைப் பதிவு செய்திருந்தால் கிடைக்கும். இவனுக்குப் பதிவும் ஆகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. பார்த்தால், அவன் கொடுத்தது பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பழைய கணக்கு, அது முடங்கிக் கிடந்தது, ஆதார் அதில் இணைக்கப்படவும் இல்லை. வங்கிக்குப் போய் கணக்கை உயிர்ப்பித்து ஆதாரை இணைத்த பிறகுதான் சேர வேண்டியது சேர்ந்தது. தயவுசெய்து இதை முதல் வேலையாகப் பாருங்கள், பல பேருக்கு இந்த இடத்தில்தான் பணம் நிற்கிறது. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும், டாக்டர் சொன்னதும் வகுப்புக்குப் போகலாம், டிபி என்பதற்காகப் படிப்பை விட வேண்டிய அவசியமே இல்லை.

நாள்பட்ட நோய் என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். "எனக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தீவிர மனநோய் எல்லாம் அதில் சேர்த்தி. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்று தந்தால், பிளஸ் ஒன்னிலிருந்து முதுநிலை வரை மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பாதிப்பு கடுமையாக இருக்கும் சில பிரிவினருக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சிறுநீரக நோய் அந்த 21இல் இல்லை. வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸில் படுத்துக் கிடக்கும் பிள்ளையால் எந்த வேலைக்குப் போக முடியும்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்கிறது, அது பெரிய விஷயம்தான், ஆனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அதில் ஒரு ரூபாய் கிடையாது. இதை அரசு கவனித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு என்னால் சொல்ல முடிந்தது, டயாலிசிஸ் நேரத்தை அதிகாலைக்கோ மாலைக்கோ மாற்றித் தரக் கேளுங்கள், வகுப்பாவது மிஞ்சும்.

கல்லூரியில் யாரிடம் சொல்வது? வகுப்பு ஆசிரியரிடம் ஆரம்பியுங்கள், ஆனால் "கஷ்டமா இருக்கு சார்" என்று நிறுத்திவிடாதீர்கள். மாதம் இவ்வளவு சம்பாதித்தேன், இந்தத் தேதியோடு நின்றுவிட்டது, இன்னும் இத்தனை மாதத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று தொகையாக எழுதிக் கொடுங்கள். முன்னாள் மாணவர் சங்கமோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ பல கல்லூரிகளில் இருக்கிறது, கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முதல்வர் அனுமதிக்கலாம். தொகை தெரிந்தால்தான் அவர்கள் கை நீளும். கல்விக்கடன் இருந்தால் வங்கிக்கும் ஒரு கடிதம் போடுங்கள், நோயால் படிப்பு முடியத் தாமதமானால் திருப்பிக் கட்டும் காலத்தைத் தள்ளிவைக்க இடமுண்டு.

எங்கும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள், நேரில் போங்கள். முடியாவிட்டால் அம்மாவை அனுப்புங்கள். மருத்துவச் சான்று, கல்லூரியில் படிப்பதற்கான சான்று, ரேஷன் கார்டு நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இதோடு தொகை எழுதிய அந்தக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள். மனுவுக்கு ரசீது எண் தருவார்கள், அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி கேட்கப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.