ரி லெவல் ஹெல்த்: இங்கிலாந்தில் ஜிசிஎஸ்ஈ முடித்த பிறகு சுகாதாரத் தொழிற்கல்வி

தாதி, மருத்துவிச்சி, மனநலப் பராமரிப்பு, உடலியக்கச் சிகிச்சை. இந்த வேலைகளில் ஒன்றை மனதில் வைத்திருக்கும் பிள்ளை 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பரீட்சைக்குப் பிறகு ஏ லெவல்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. 2021 செப்ரெம்பரில் தொடங்கிய ரி லெவல் ஹெல்த் (T Level Health) இரண்டு வருட முழுநேரப் படிப்பு. இங்கிலாந்தில் மட்டும்தான் உண்டு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் முறை வேறு. கொலிஜ் பட்டியலில் பிரெக் (BTEC) ஹெல்த் அன்ட் சோஷல் கெயார் என்றும் ஒன்று இருக்கலாம். அது வேறு படிப்பு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு ரி லெவல் மூன்று ஏ லெவலுக்குச் சமம். அதனால் பக்கத்தில் ஏ லெவல் உயிரியலையும் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட வேண்டாம், நேரம் கிடைக்காது. இன்னொன்றையும் வீட்டில் முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்: இது வைத்தியராகும் பாதை அல்ல. பெரும்பாலான மருத்துவ பீடங்கள் ஏ லெவல் வேதியியலையும் உயிரியலையும்தான் கேட்கும். ‘இப்ப சேரட்டும், பிறகு மெடிசினுக்கு மாறலாம்’ என்ற கணக்கு அநேகமாகப் பலிக்காது.

சேர்வதற்குப் பொதுவாக ஐந்து ஜிசிஎஸ்ஈ பாடங்களில் தரம் 4 அல்லது அதற்கு மேல் வேண்டும். சில கொலிஜ்கள் விஞ்ஞானத்துக்கு 5 கேட்கும். ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4 இல்லாமல் சேர்த்துக்கொண்டாலும் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படிக்கத்தான் வேண்டும். பின்னாளில் தாதியர் பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகமும் அதைக் கேட்கும். விண்ணப்பம் நேரே கொலிஜுக்குப் போகும். பதினோராம் ஆண்டின் ஒக்ரோபர், நவம்பரிலேயே அனுப்பிவிடுவது நல்லது. இறுதிப் பதிவு ஓகஸ்டில் முடிவுகள் வந்த பிறகு.

16 முதல் 18 வயதினருக்குக் கட்டணம் இல்லை. பயணச் செலவு, சீருடை போன்றவற்றுக்குக் கொலிஜில் 16–19 பேர்சரி என்ற உதவி நிதி இருக்கிறது, விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். பிள்ளைக்காகப் பெற்றோருக்கு அரசு தரும் சைல்ட் பெனிஃபிற்றில் கவனம் வேண்டும். 16 வயதானதும் வரும் ஓகஸ்ட் 31க்குப் பிறகு, படிப்பு தொடர்கிறது என்று வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு அறிவிக்காவிட்டால் அது நின்றுவிடும். அறிவித்தால் 20 வயது வரை தொடரலாம். வேலை செய்துகொண்டே பயிலும் அப்ரென்ரிஸ்ஷிப்புக்குப் போனால் இந்தக் கொடுப்பனவு இல்லை.

படிப்பில் இரண்டு பகுதிகள். முதலாவது கோர்: எழுத்துப் பரீட்சைகளும், தொழில்வழங்குநர் தரும் பணியை ஒட்டிய ஒரு செயற்றிட்டமும். பராமரிப்பு என்றால் கைவேலைதானே என்று வருபவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். உயிரணு, உடற்கூறு, நோய்த்தொற்று என்று விஞ்ஞானம் கனமாகவே இருக்கும். இரண்டாவது சிறப்புத்துறை: பெரியோர் தாதியம், மருத்துவிச்சிப் பிரிவு, மனநலம், சிறுவர் பராமரிப்பு, சிகிச்சைக் குழு (உடலியக்கச் சிகிச்சை போன்றவை) ஆகியவற்றில் ஒன்று. எல்லாக் கொலிஜிலும் எல்லாம் இல்லை. மருத்துவிச்சியாக விரும்பும் பிள்ளை அந்தத் துறை நடக்கிறதா என்று கொலிஜைப் பார்வையிடும் திறந்த நாளிலேயே கேட்க வேண்டும்.

இதோடு குறைந்தது 315 மணித்தியாலம், ஏறத்தாழ 45 நாள், உண்மையான வேலையிடத்தில் பயிற்சி. சம்பளம் கட்டாயம் அல்ல. இடத்தைக் கொலிஜ் ஏற்பாடு செய்யும். பெரும்பாலும் தாமதமாவது கடதாசி வேலையால்தான்.

பயிற்சிக்கு முன் டிபிஎஸ் குற்றப்பதிவுச் சோதனை உண்டு. கடந்த ஐந்து வருட முகவரிகளும், பாவித்த எல்லாப் பெயர்களும் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும், பாடசாலைப் பதிவில் வெறும் முதலெழுத்தாகவும், வங்கிக் கணக்கில் இரண்டும் தலைகீழாகவும் இருப்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சாதாரணம். படிவத்தில் ஒன்றை மட்டும் எழுதினால் திரும்பி வரும். கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதி, மற்றவற்றை ‘வேறு பெயர்கள்’ பகுதியில் போடுங்கள்.

வைத்தியசாலைகள் தடுப்பூசிப் பதிவும் கேட்கும்: எம்எம்ஆர், ஹெப்பரைற்றிஸ் பி, காசநோய். வெளிநாட்டில் பிறந்து பதிவு கைவசம் இல்லாத பிள்ளை குடும்ப வைத்தியரான ஜிபியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். இரத்தப் பரிசோதனையோ மறுபடி ஊசியோ தேவைப்படலாம். ஹெப்பரைற்றிஸ் பி ஊசி ஒரே நாளில் முடிவதில்லை, மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் போடுவது. வார்ட்டில் முழங்கைக்குக் கீழே மணிக்கூடு, காப்பு, நகப்பூச்சு எதுவும் கூடாது. கோயிலில் கட்டிய கயிறும் இதில் அடங்கும். ஈர நூலில் கிருமி தங்கும் என்பதுதான் காரணம். முதல் நாள் வாசலில் நின்று வாதாடுவதைவிட வீட்டிலேயே கழற்றிவிடலாம்.

கோரில் குறைந்தது ஈ, சிறப்புத்துறையில் சித்தி, பயிற்சி நேரம் என்ற மூன்றும் நிறைவானால்தான் முழுச் சான்றிதழ். ஒன்று குறைந்தாலும் கிடைப்பது முடித்த பகுதிகளைச் சொல்லும் ஒரு பத்திரம் மட்டும். பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடும் யூகாஸ் புள்ளிகள்: டிஸ்டிங்ஷன் ஸ்டார் 168, டிஸ்டிங்ஷன் 144, மெரிற் 120. வெறும் சித்தியென்றால் கோரில் சி அல்லது அதற்கு மேல் இருந்தால் 96, டி அல்லது ஈ என்றால் 72. புள்ளி போதும் என்று நம்பிவிடாமல், அந்தப் பல்கலைக்கழகம் ரி லெவலை ஏற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மருத்துவிச்சிப் படிப்புக்குப் போட்டி அதிகம்.

பட்டத்துக்குப் போகாதவர்கள் அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸில் சுகாதார உதவிப் பணியாளராகச் சேரலாம், அங்கிருந்து நேர்சிங் அசோசியேற் (உதவிப் பணியாளருக்கும் தாதிக்கும் இடைப்பட்ட பணி) அப்ரென்ரிஸ்ஷிப்பும் உண்டு. தாதியர் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு, தகுதி இருந்தால், மாணவர் கடனுக்கு மேலாக வருடம் 5,000 பவுண்ஸ் உதவித்தொகை இருக்கிறது. அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை; ஆனால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.