தைராய்டை எடுத்தாச்சு என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவரை, குழந்தையின் இதயத்தில் கோளாறு இருக்குமோ என்று அனுப்பிவைத்தார்கள். ஸ்கேனில் துடிப்பு நிமிடத்துக்கு 180. 160ஐத் தாண்டக் கூடாது. ஆனால் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் எழுந்து உட்கார்ந்தபோதுதான் கழுத்தின் குறுக்கே பழைய தழும்பைப் பார்த்தேன்.

"அதுவா டாக்டர், கிரேவ்ஸ் நோய்னு நாலு வருஷம் முன்னாடி தைராய்டையே எடுத்துட்டாங்க. இப்போ ரிப்போர்ட் எல்லாம் நார்மல்."

சுரப்பியை எடுத்தால் நோய் போய்விடாது. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மனதில் ஏற மாட்டேன் என்கிறது! கிரேவ்ஸ் நோயில் தைராய்டை முடுக்கிவிடுவது நம் உடலே உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம். அறுவை செய்தாலும் சரி, கதிரியக்க அயோடின் கொடுத்தாலும் சரி, அது ரத்தத்தில் வருடக்கணக்கில் இருக்கலாம். அம்மாவிடம் முடுக்குவதற்குச் சுரப்பி இல்லை, அதனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போனால், அங்கே குழந்தையின் சுரப்பி இருக்கிறதே! அதை முடுக்கிவிட்டால் துடிப்பும் எகிறும். அம்மாவின் டி.எஸ்.ஹெச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவு) எவ்வளவு சரியாக இருந்தாலும் குழந்தையின் நிலையை அது காட்டாது.

சிகிச்சை அம்மா வழியாகத்தான். தைராய்டை அடக்கும் மாத்திரையை அம்மா விழுங்கினால் அது குழந்தையைச் சென்றடையும். அம்மாவுக்கான லெவோதைராக்சினும் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கூடவே தொடரும், அது உள்ளே அதிகம் போவதில்லை. அடக்கும் மாத்திரையின் அளவு கூடினால் குழந்தைக்குத் தைராய்டு குறைந்து கழுத்தில் கழலை வரும். அதனால் அடிக்கடி ஸ்கேன் பார்த்தோம். இரண்டு வாரத்தில் துடிப்பு 145க்கு இறங்கியது.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதய நிபுணருக்குக் கடிதம் எழுதும் முன் அம்மாவின் கழுத்தைப் பாருங்கள்.

கர்ப்பிணிகளே, கிரேவ்ஸ் எப்போதோ வந்திருந்தாலும் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். ஆன்டிபாடி பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அதிகமாக இருந்தால் 18 முதல் 22 வாரத்துக்குள் மறுபடியும். அப்புறம், தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுபவர்கள் 'குழந்தைக்கு ஆகாது' என்று தயவுசெய்து நிறுத்தாதீர்கள். முதல் மாதங்களில் குழந்தைக்கு உங்கள் ஹார்மோன்தான் கிடைக்கிறது; பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

கிரேவ்ஸ் இருந்த அம்மாக்கள் குழந்தை நல மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். பிறந்த சில நாட்களில் நீங்கள் விழுங்கிய அடக்கும் மாத்திரையின் தாக்கம் குழந்தையின் உடலிலிருந்து போய்விடும், ஆன்டிபாடி இன்னும் பல வாரங்கள் இருக்கும். பிறந்த அன்று நன்றாக இருந்த குழந்தைக்கு ஒரு வாரம் கழித்துத் துடிப்பு எகிறலாம். வீட்டுக்குப் போன பிறகும் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள்.