சாவோ சிங்கத்தின் உடைந்த பல்

சிகாகோ நகரின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இரண்டு ஆண் சிங்கங்களின் மண்டை ஓடுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் கீழ்த்தாடையில் வலப்பக்கக் கோரைப்பல் முறிந்து நிற்கிறது. முறிந்த இடத்தில், பல்லின் நடுவே ஒரு குழி. வேரில் சீழ் கட்டியிருந்ததற்கான அடையாளம் தாடை எலும்பிலேயே தெரிகிறது. பல் முறிந்த பிறகும் அந்தச் சிங்கம் வலியோடு நெடுநாள் வாழ்ந்திருக்கிறது, வேட்டையாடித் தின்றிருக்கிறது. 1990களில் அந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தாமஸ் நோஸ்கி இந்தப் பற்குழிகளை உற்றுப் பார்த்தபோது, உள்ளே முடி அடைந்து கிடந்தது. ஓரிரண்டு இழை அல்ல, ஆயிரக்கணக்கில். சிங்கம் தின்ற உயிர்களின் முடி.

இந்தச் சிங்கங்களின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1898இல் மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதை போட்ட பிரிட்டிஷார், இன்றைய கென்யாவில் சாவோ ஆற்றின் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களில் பெரும்பகுதியினர் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்கள். மார்ச் முதல் டிசம்பர் வரை, பிடரி மயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் கூடாரங்களுக்குள் புகுந்து அவர்களை இழுத்துச் சென்றன. பாலப் பணிக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஹென்றி பேட்டர்சன் டிசம்பர் 9 அன்று ஒன்றையும் 29 அன்று மற்றொன்றையும் சுட்டுக் கொன்றார். முதலில் விழுந்த சிங்கத்துக்குத்தான் உடைந்த கோரைப்பல். தோல்கள் இரண்டும் அவர் வீட்டில் தரைவிரிப்பாகக் கிடந்து, 1924இல் மண்டை ஓடுகளுடன் 5,000 டாலருக்கு அருங்காட்சியகத்துக்குக் கைமாறின.

இறந்தவர்கள் எத்தனை பேர்? 28 இந்தியர்கள் என்றும், அவர்களோடு கணக்கில் எழுதப்படாத ஆப்பிரிக்கர்கள் பலர் என்றும் முதலில் சொன்ன பேட்டர்சன், பின்னாளில் 135 என்றார். கண்ணால் பார்த்தவர்கள் எவரும் இன்று இல்லை. சிங்கங்களின் பல்லும் எலும்பும் முடியும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றிடமே கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு தடயத்துக்கும் நினைவு வேறு வேறு நீளம். ஒன்று நேற்றைச் சொல்லும், இன்னொன்று பல ஆண்டுகளைச் சொல்லும். இதை மறந்துவிட்டுத் தடயத்தைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் வந்து சேர்வோம்.

நேற்றைச் சொல்வது எச்சம், அதாவது விலங்கு போட்டுவிட்டுப் போகும் சாணம். நம் காடுகளில் நடப்பவர்கள் அன்றாடம் பார்ப்பது இதைத்தான். கொன்றை விதையும் இலந்தைக் கொட்டையும் நிறைந்து கிடந்தால் கரடி. முடியும் எலும்புத் துண்டுமாகத் திரிந்து கிடந்தால் புலியோ சிறுத்தையோ செந்நாயோ. ஆய்வகத்தில் அந்த எச்சத்தைச் சல்லடையில் போட்டு ஓடும் நீரில் அலசுவார்கள். சதை செரித்துப் போயிருக்கும். முடி மட்டும் செரிக்காது. நம் நகத்தைப் போலவே அதுவும் கெரட்டின் என்னும் முரட்டுப் புரதத்தால் ஆனது. அந்த முடியை நுண்ணோக்கியில் வைத்தால் வெளியே ஓட்டுக் கூரைபோல் செதில்களும், நடுவே தண்டுபோல் ஒரு பகுதியும் தெரியும். மான்களுக்கு அந்த நடுத்தண்டு மிக அகலமாக, தேன்கூட்டைப்போல் அறை அறையாக இருக்கும். ஒரே ஓர் இழையை வைத்துக்கொண்டு இரையின் பெயரைச் சொல்லிவிட முடிவது இதனால்தான். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் காரந்தும் மெல் சன்குவிஸ்டும் இப்படி எச்சங்களையும் இரை மிச்சங்களையும் ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட முடிவில், புலியின் இரை சராசரியாக 90 கிலோவைத் தாண்டியது. சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் ஏறத்தாழ 40 கிலோ.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சின்ன இரையில் சதைக்குத் தோல் அதிகம். கிலோவுக்கு முடியும் அதிகம். எச்சத்தில் முயல் முடி நிறைய இருப்பதால் அந்த விலங்கு முயலையே தின்று வாழ்கிறது என்று சொல்லிவிட முடியாது. அடைத்து வளர்க்கும் விலங்குகளுக்கு எடை பார்த்து இரை கொடுத்து, எத்தனை எச்சம் விழுகிறது என்று எண்ணி, அந்தக் கணக்கை வைத்துத்தான் திருத்துகிறார்கள்.

சாவோ சிங்கங்களின் எச்சம் நமக்குக் கிடையாது. எனவே பல்லுக்குப் போவோம். மென்று தின்னும் ஒவ்வொரு வாயும் பல்லின் கெட்டியான மேலுறையான பற்சிப்பியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடுகிறது. சதையைக் கிழித்தால் ஒரே திசையில் மெல்லிய கோடுகள். எலும்பை நொறுக்கினால் ஆழமான குழிகள். பல் மருத்துவர் அச்செடுப்பதுபோல் சிலிக்கோன் பசையில் அச்செடுத்து, அந்தப் பரப்பை முப்பரிமாண நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். புதிய கீறல் பழையதை அழித்துக்கொண்டே இருப்பதால், பல் சொல்வது சாவதற்கு முந்தைய சில வாரங்களை மட்டும். லாரிசா டிசாண்டிஸும் புரூஸ் பேட்டர்சனும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் சாவோ சிங்கங்களின் பற்களில் எலும்பு நொறுக்கிய தழும்புகள் இல்லை. விலங்குக் காட்சிசாலையில் மெல்லிய இறைச்சி தின்று வளர்ந்த சிங்கங்களின் பற்களைப்போல் இருந்தன. இரவில் தன் முகாமுக்கு அருகே எலும்பு நொறுங்கும் சத்தத்தைக் கேட்டதாக ஜான் பேட்டர்சன் எழுதியிருக்கிறார். பற்கள் அதை ஆமோதிக்கவில்லை. பசிக்கொடுமையால் மிச்சம் மீதி எல்லாவற்றையும் கடித்துத் தின்ற விலங்குகளாகவும் அவை தெரியவில்லை.

இன்னும் நீண்ட நினைவு வேண்டுமென்றால் அணுக்களைக் கேட்க வேண்டும். கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று சற்றே கனமானது: கார்பன் 13. செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும்போது இந்தக் கனமான அணுவை ஓரளவு ஒதுக்குகிறது. மரங்களும் நெல்லும் மிகுதியாக ஒதுக்கும். சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு, இவற்றோடு ஆப்பிரிக்கச் சமவெளிப் புற்கள் எல்லாம் அவ்வளவு ஒதுக்குவதில்லை. அரிசிச் சோறு தின்பவர் உடம்பிலும் கேழ்வரகுக் களி தின்பவர் உடம்பிலும் கார்பன் வேறு வேறு விகிதத்தில் படிவது இதனால்தான். புல் மேயும் வரிக்குதிரைக்கும் தழை தின்னும் ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே வேறுபாடு. அவற்றைத் தின்னும் சிங்கத்தின் உடம்பிலும் அது ஏறிவிடும். நைட்ரஜனின் கனமான அணுவோ, தின்னப்படுவதிலிருந்து தின்பதற்குப் போகும் ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும். எலும்பில் படிந்தது பல ஆண்டுகளின் சராசரி. முடியில் படிந்தது கடைசிச் சில மாதங்கள்.

ஜஸ்டின் யீக்கலும் குழுவினரும் 2009இல் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒப்பிடுவதற்கு அந்த வட்டாரத்து இரை விலங்குகளின் அளவுகளும் அங்கே வாழ்ந்த தைத்தா மக்களின் எலும்பு அளவுகளும் இருந்தன. எலும்பு சொன்ன பழைய உணவிலிருந்து முடி சொன்ன கடைசி மாத உணவு விலகியிருந்தது. பல் உடைந்த சிங்கத்தின் கடைசி மாதங்களில் உணவின் ஏறத்தாழ 30 விழுக்காடு மனிதர்கள். அது தின்றது ஏறத்தாழ 24 பேர், மற்றது 11 பேர். மொத்தம் 35 என்பது அவர்கள் மதிப்பீடு. 4 முதல் 72 வரை எதுவும் இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இவ்வளவு அகலமான விடையை நான் குறையாக நினைக்கவில்லை. தடயம் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். தின்ற கணக்கு வேறு, கொன்ற கணக்கு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. கொன்றுவிட்டு விட்டுச் சென்ற உடல்கள் எந்த அணுவிலும் பதிவாகாது.

இனி அந்தப் பற்குழிக்கு வருவோம். 2024இல் வெளியான ஆய்வில் குழியிலிருந்த முடிகளின் மரபணுவைப் படித்தார்கள். முடியில் மரபணு மிகக் குறைவு. நூறாண்டு பழையதென்றால் துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். ஆயினும் முடியின் கெட்டியான புரதம் தாய்வழி மரபணுத் துணுக்குகளை ஓரளவு காப்பாற்றி வைத்திருந்தது. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மான் போன்ற ஆப்பிரிக்க விலங்குகளான ஓரிக்ஸ், வாட்டர்பக், வில்டபீஸ்ட் என்று இரைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. வில்டபீஸ்ட் அவர்களே எதிர்பாராதது. அந்தக் காலத்தில் அவை மேய்ந்த இடம் சாவோ பாலத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி என்றே எண்ணியிருந்தார்கள். ஒன்று, சிங்கங்கள் அவ்வளவு தொலைவு அலைந்திருக்க வேண்டும். அல்லது வில்டபீஸ்ட் சாவோவுக்கே வந்திருக்க வேண்டும். இன்று சாவோ சிங்கங்களின் முக்கிய இரையான காட்டெருமையோ கிட்டத்தட்ட இல்லை. மரபணுவில் அது அகப்படவே இல்லை. 1890களின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடுகளையும் எருமைகளையும் வாரிக்கொண்டு போன வெக்கை நோயின் சுவடாக இதைப் பார்க்கிறார்கள்.

இரண்டு சிங்கங்களுக்கும் தாய்வழி மரபணு ஒன்றே என்பதும் தெரிந்தது. அண்ணன் தம்பியாக இருக்கலாம் என்ற பழைய பேச்சுக்கு அது பொருந்துகிறது.

மனித முடியும் அந்தக் குழிக்குள் இருந்தது. இன்னும் தோண்டினால் அவர் எந்த நிலத்து மக்களைச் சேர்ந்தவர் என்பதை நெருங்கியிருக்கலாம்: கடல் தாண்டி வந்த வேலையாளா, பெயர் எழுதப்படாத ஆப்பிரிக்கரா. ஆய்வாளர்கள் அதை விரிவாக ஆராயவும் இல்லை, விவரிக்கவும் இல்லை. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் அந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கக்கூடும் என்பதால், அவர்களோடு பேசாமல் அந்த முடியைத் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.