ஏஸ் விமானி: சொல் விளக்கம்

இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், எரிக் ஹார்ட்மன் பெயர் வந்ததும் ஒரு சொல்லுக்குத் திண்டாடுவதைப் பார்க்கலாம். 352 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கிடப்படும் அந்த ஜெர்மானிய விமானியைச் சிலர் 'ஏஸ்' என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். சிலர் 'மாவீரன்' என்கிறார்கள். விவரம் தெரியாத வாசகருக்கு முதல் சொல்லில் எதுவும் கிடைக்காது. இரண்டாவது, கேட்காத பாராட்டு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

வான்சண்டையில் எதிரி விமானங்கள் ஐந்தை அல்லது அதற்கு மேல் வீழ்த்தியதாக உறுதிசெய்யப்பட்ட போர் விமானி என்பதுதான் 'ஏஸ்' என்பதன் பொருள். அவர் நல்லவரா, எந்தத் தரப்புக்காகப் பறந்தார் என்பதெல்லாம் அதில் இல்லை.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ஆஸ்' என்பது ரோமானியரின் வெண்கல நாணயம்; ஓர் அலகு, அதாவது ஒன்று. பிரெஞ்சு வழியாக அது பகடையில் ஒற்றைப் புள்ளி உள்ள பக்கத்துக்குப் பெயரானது. பகடையில் ஒன்று விழுந்தால் ஆட்டம் போச்சு. ஆகவே ஆங்கிலத்தில் நெடுங்காலம் இந்தச் சொல்லுக்குத் துரதிர்ஷ்ட வாசனையே இருந்தது. சீட்டுக்கட்டுக்கு வந்தபோதுதான் அதற்கு யோகம் அடித்தது. ராஜாவையே வெட்டும் சீட்டாயிற்று. நம்மூர்ச் சீட்டாட்டத்தில் 'ஆஸ்' என்று சொல்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான்.

1915இல் பிரெஞ்சுப் பத்திரிகைகள் அடோல்ஃப் பெகூ என்ற விமானியை இந்தச் சொல்லால் அழைத்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அவர் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

ஜெர்மானியர்கள் இந்தச் சொல்லை உடனே ஏற்கவில்லை. முதல் உலகப் போரில் தங்கள் சிறந்த விமானிகளைப் பீரங்கி என்று பொருள்படும் 'கனோன' என்ற சொல்லால் குறித்தார்கள். 80 விமானங்களை வீழ்த்திய மான்ஃப்ரெட் ஃபொன் ரிச்ட்ஹோஃபன் அப்படி ஒரு பீரங்கி. இரண்டாம் போரில் அவர்கள் வழங்கிய சொல் 'எக்ஸ்பெர்ட்ட', அதாவது வல்லுநர். இத்தனை வீழ்த்தினால்தான் இந்தப் பெயர் என்ற வரம்பு அதற்குக் கிடையாது.

இனி ஹார்ட்மன். 1922இல் ஜெர்மனியின் வைசாக் என்ற ஊரில் பிறந்தார். மருத்துவரான தந்தையோடு சிறு வயதில் சில காலம் சீனாவில் வாழ்ந்தார். எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தாய் எலிசபெத். 1942 அக்டோபரில் சோவியத் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் பழக்கிக்கொண்ட முறை ஒன்றுதான்: எதிரி விமானம் தன் முன்கண்ணாடி முழுவதையும் அடைக்கும் அளவுக்கு நெருங்கிப் போவது, சில நொடிகள் சுடுவது, உடனே விலகுவது. அவ்வளவு கிட்டத்தில் சுட்டால் குறி தவறாது. ஆனால் சிதறும் துண்டுகள் சுட்டவரின் விமானத்தின் மீதே வந்து மோதும். பத்துக்கும் மேற்பட்ட தடவை அவர் தன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தை அவசரமாகத் தரையிறக்க நேர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

352 என்ற எண்ணை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. சோவியத் ஆவணங்களோடு ஒப்பிட்டு அதைக் கேள்வி கேட்கும் ஆய்வாளர்கள் உண்டு. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ரிச்சர்ட் பாங் 40 விமானங்களை வீழ்த்தினார். அமெரிக்கர்களில் அதுதான் உச்சம். ஜெர்மனியிலோ நூறைத் தாண்டியவர்களே நூற்றுக்கு மேல். அமெரிக்க விமானிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் ஊருக்கு அனுப்பி, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். ஜெர்மானியர்கள் சாகும்வரை, அல்லது போர் முடியும்வரை பறந்தார்கள். ஹார்ட்மன் மட்டும் 1,404 முறை போருக்குப் புறப்பட்டிருக்கிறார். நாஜி அரசு தொடுத்த ஆக்கிரமிப்புப் போர் அது. ஹிட்லர் தன் கையாலேயே அவருக்குப் பதக்கம் அணிவித்தார். வீழ்ந்த பல விமானங்களில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள் என்பதையும் அந்த எண் சொல்லாது.

1945 மே மாதம் அமெரிக்கர்களிடம் சரணடைந்த அவரை அவர்கள் சோவியத் படையிடம் ஒப்படைத்தார்கள். பத்தாண்டுச் சிறைவாசத்துக்குப் பின் 1955இல் விடுதலை. மேற்கு ஜெர்மனியின் புதிய வான்படையில் சேர்ந்து, ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை வாங்குவதை எதிர்த்தார். பிற்பாடு அந்த விமானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மானிய விமானிகள் உயிரிழந்தார்கள். ஹார்ட்மன் 1970இல் ஓய்வு பெற்றார், 1993இல் காலமானார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? எண்ணிக்கை வைத்துப் பெருமை தருவது நமக்குப் புதிதல்ல. போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி என்று பாட்டியல் இலக்கணம் வரையறுத்தது. ஆனால் அந்த மரபின் சொற்களில் புகழ் ஊறிக்கிடக்கிறது. 'மாவீரர்' என்றால் ஈழத்தமிழர் மனத்தில் வருவது களத்தில் இறந்த போராளி. 'வான்புலி'யும் அங்கே ஒரு படைப்பிரிவின் பெயராகிவிட்டது. 'வான்படை வீரர்' என்றால் சமையற்காரரும் அதில் அடங்குவார்.

'வான்சமர் வல்லுநர்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வானில் நடந்த சண்டை, அதில் காட்டிய திறன், இரண்டும் அதில் இருக்கின்றன, புகழுரை இல்லை. ஜெர்மானியரின் 'எக்ஸ்பெர்ட்ட' என்பதற்கும் அது நேராகப் பொருந்துகிறது. ஐந்து என்ற வரம்பைச் சொல்லுக்குள் திணிக்க முடியாது. கட்டுரையில் முதல் முறை வரும்போது 'ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விமானங்களை வீழ்த்திய வான்சமர் வல்லுநர்' என்று எழுதிவிட்டு, அப்புறம் சொல்லை மட்டும் பயன்படுத்தலாம். கூடவே 'வான்வெற்றி' என்பதற்குப் பதில் 'வீழ்த்தியது' என்றே எழுதுங்கள். டென்னிஸில் வரும் ஏஸ் வேறு கதை. எதிராளியின் மட்டையில் படாத அந்தத் தொடக்க வீச்சுக்கு இந்தச் சொல் ஒத்துவராது.